பிரிச்சுப் போட்ட வண்டிக்கு விலை

ரஹ்மத் போன வாரம் போனில் படம் அனுப்பியிருந்தாள். ஒரு கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டைகள். ஒரு மூட்டையின் வாயிலிருந்து மட்கார்டு நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் பக்கெட் நிறைய நட்டு, போல்ட்டு. அதற்கடுத்ததில் ஒரு பெட்ரோல் டேங்க், அதன் மேல் ஒரு பூனை. கீழே எழுதியிருந்தாள்: "மாமா, இதுக்கு எவ்ளோ குடுக்கலாம்? இன்னிக்கே சொல்லணுமாம்."

நான் ஒரு வரி அனுப்பினேன். "ஏன் பிரிச்சாங்கன்னு கேளு."

கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. "அதுக்கும் வெலைக்கும் இன்னா மாமா சம்பந்தம்? அத்தாவும் இதையேதான் கேட்டுகினு இருப்பாரு. ஒரு தபா எழுதித்தான் குடுங்களேன். கடைல இருக்கறவங்களும் கேக்கறாங்க."

ரஹ்மத் காதர் பாயின் மகள். தண்டையார்பேட்டையில் பாய் நடத்திய பழைய மோட்டார் சைக்கிள் கடை இப்போது அவள் கையில். நான் அந்தக் கடையில்தான் என் வேலைக் காலத்தைக் கழித்தேன். பாய் இப்போது இல்லை. நான் மணலி புதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். முட்டி போய்விட்டது. அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ராயபுரத்தில் ஒரு லாரி பட்டறையில் இருந்தேன். துறைமுகத்து லாரிகள். அங்கிருந்து பாய் கடைக்கு வந்தேன். வந்த புதிதில் கழுவுகிற வேலைதான். மண்ணெண்ணெய் டப்பாவில் பிரஷ்ஷைப் போட்டு, வருகிற சாமானை எல்லாம் கழுவுவேன். வேறு எதையும் தொட விடமாட்டார். எதற்கு என்றும் சொல்லமாட்டார். சில வருடம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள், நான் கழுவி வைத்த பிஸ்டன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இத்து எதால போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாளிலிருந்து வண்டி வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் கடை பழைய வண்டியை வாங்கும், சரி செய்யும், விற்கும். ஓடுகிற வண்டிக்கு விலை சொல்வது பெரிய வேலை இல்லை. உதைத்தால் அது பேசும். புகை சொல்லும், சத்தம் சொல்லும். பிரித்துப் போட்ட வண்டி பேசாது. அதற்குப் பதிலாக ஓனர் பேசுவார். சிக்கல் அங்கேதான்.

இந்த ஊரில் பிரித்துப் போட்ட வண்டி நிறைய. லீவில் ஒருவன் வண்டியைப் பிரிப்பான். நாலு நாளில் கூட்டிவிடலாம் என்று நினைப்பான். குழந்தை பிறக்கும். ஷிஃப்ட் மாறும். கையில் காசு இருக்காது. வண்டி பரண் மேல் ஏறும், கட்டிலுக்கு அடியில் போகும். வீடு மாறும்போது மூட்டையோடு மாறும். கடைசியில் வீட்டுக்காரம்மா ஒருநாள் போன் பண்ணுவார். அப்போது நாங்கள் போவோம்.

பாய் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். அவசரம் இல்லை என்று ஓனருக்குத் தெரியவேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், டீ வேண்டாம் என்பார். டீ குடித்துவிட்டு விலை குறைத்துச் சொல்லக் கஷ்டமாக இருக்குமாம். பிறகு என்னைப் பார்த்து, "மணி, விரிப்பா" என்பார். நான் தார்ப்பாயை விரிப்பேன்.

தார்ப்பாயில் வண்டியைப் படுக்க வைப்போம். சேசிஸை நடுவில் சாய்த்து வைத்து, முன் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் முன் சக்கரம், பின் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் பின் சக்கரம். டேங்க், சீட், விளக்கு, எல்லாம் அதனதன் இடத்தில். எஞ்சினை நடுவில் விரித்து, போர், பிஸ்டன், ஹெட்டு என்று வரிசையாக. ஒவ்வொரு போல்ட்டும் அது போகிற ஓட்டைக்குப் பக்கத்தில். எல்லாம் வைத்து முடித்தால் வண்டி படுத்துத் தூங்குவது மாதிரி இருக்கும். எது இல்லையோ அந்த இடம் காலியாகத் தெரியும். ஓனரே பார்ப்பார். "அட, கார்பரேட்டர் இல்லியா" என்று அவரே சொல்வார். நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. சாமானைத் திட்டி விலை குறைப்பது பாய்க்குப் பிடிக்காது. தார்ப்பாய் சொல்லட்டும் என்பார்.

மாத்தூரில் ஒருவர் வண்டி முழுசாக இருக்கிறது என்று சத்தியம் செய்தார். படுக்க வைத்தோம். மூன்று சைடு ஸ்டாண்டு இருந்தது, பின் சக்கரம் இல்லை. அவரும் பார்த்தார். "மூணு காலு கீது, நிக்கும்" என்றார். பாய் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அன்றைக்குச் சிரித்தார்.

விலை போடுவது இப்படி. அந்த வண்டி கூட்டி முடித்து ஓடினால் என்ன விலைக்குப் போகும், அது முதல். அதிலிருந்து காலி இடங்களை நிரப்ப ஆகிற செலவைக் கழிக்கவேண்டும். லேத் வேலை, பெயிண்ட், ரப்பர், வயர், நம் ஆள் கூலி, அதையும் கழிக்கவேண்டும். கடைக்குக் கொஞ்சம். இதெல்லாம் யாரும் போடுகிற கணக்கு. பாய் இன்னொன்றும் கழிப்பார். அதற்கு இருட்டு என்று பெயர். நமக்குத் தெரியாத ஒன்று எந்த மூட்டையிலும் இருக்கும், அதற்காகக் கழிக்கிற தொகை. "இருட்டுக்கு எவ்ளோ போட்டே?" என்று என்னைக் கேட்பார். அதைத்தான் அவர் பார்ப்பார். மற்றதை எவனும் போட்டுவிடுவான்.

இருட்டு எவ்வளவு என்பதற்கு ஒரு கேள்விதான். "ஏம்பா, இன்னாத்துக்குப் பிரிச்சே?"

நன்றாக ஓடுகிற வண்டியை யாரும் பிரிப்பதில்லை. ஏதோ ஒன்று இருந்திருக்கும். புகை விட்டிருக்கும். உள்ளே தட்டியிருக்கும். சூட்டில் இறுகி நின்றிருக்கும். அதைச் சொன்னால் இருட்டு குறையும். "கிராங்க் போச்சு பாய்" என்று நேராகச் சொன்னவனுக்குப் பாய் நல்ல விலை கொடுத்திருக்கிறார். போனது எது என்று தெரிந்தால் அதற்கு விலை தெரியும். "சும்மாதான் பிரிச்சேன்" என்பவனிடம்தான் பயப்படுவார்.

பேசின் பிரிட்ஜில் ஒரு ரயில்வேக்காரர். சாமான் எல்லாம் டப்பா டப்பாவாக, மேலே பெயர் ஒட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. பாய் கேட்டார். "சும்மா சர்வீஸுக்கு" என்றார் அவர். பாய் இன்னொரு தடவை கேட்டார். அதே பதில். பாய் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து நான், "தங்கமா கீதே பாய்" என்றேன். "டப்பா தங்கமா கீது" என்றார். பிறகு அந்த வண்டியை வேறொருவர் வாங்கினார். எஞ்சின் கேஸ் உள்பக்கம் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்ததாம். வாங்கினவரே எங்கள் கடைக்கு வந்து புலம்பினார்.  பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

இத்தனை எழுதியது தேசப்பன் வண்டியைப் பற்றிச் சொல்லத்தான்.

அப்போது பாய்க்கு முட்டிவலி. படி ஏறுவதே கஷ்டம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து போன் வந்தது. பழைய புல்லட், வலது பக்கம் கியர் போடுகிற வண்டி, மொத்தமும் பிரித்தது, ஆர்சி புத்தகம் இருக்கிறது. பாய் பணத்தை என்னிடம் கொடுத்து, "நீயே போய் வெல சொல்லு. ஒரு வாட்டிதான் சொல்லணும். ஏத்தாதே, எறக்காதே. வூட்டப் பாக்காதே, தார்ப்பாயப் பாரு" என்றார். நான் தனியாக விலை சொல்லப் போனது அதுதான் முதல் தடவை.

மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் நின்றது. ஆண்கள் வலை பிரித்துக்கொண்டும் சீட்டு ஆடிக்கொண்டும் இருந்தார்கள். தேசப்பன் இன்னொருவருடைய விசைப்படகில் டிரைவர். நாற்பது தாண்டியிருக்கும். அதிகம் பேசாதவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் மூட்டைகள், பழைய வலையில் கட்டியவை. உள்ளே போனதும் மூக்கை அடைத்தது. மீன் எண்ணெய் வாசனை.

"நாலு பேரு வந்தானுங்க நைனா" என்றார் தேசப்பன். "மூக்கப் புட்சிகினு போய்ட்டானுங்க. எல்லாம் துருன்னு சொல்ட்டான் ஒருத்தன். இரும்புக்கட ஆளு எடைக்கு எடை கேக்கறான்."

நான் ஒரு ஃபோர்க் குழாயை எடுத்துப் பார்த்தேன். பழுப்பாக இருந்தது. துருவுக்கு விரல் போட்டால் பொடி ஒட்டும். இதில் ஒட்டவில்லை. நகத்தால் கீறினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே குரோமியம் பளிச்சென்று இருந்தது.

மரப் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். உப்புக் காற்று ஏறாது. தேசப்பன் வண்டிச் சாமானுக்கும் அதையே பூசியிருந்தார். கடலோரத்தில் இருக்கிறவருக்குத்தான் அது தோன்றும். காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகிவிட்டது. பார்க்கத் துரு மாதிரி இருந்ததால் நாலு பேரும் ஏமாந்து போனார்கள். ரப்பரும் வயரும் வீணாகிவிட்டது. இரும்பு எல்லாம் புதுசு.

நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தார்ப்பாயை விரித்தேன்.

கொட்டகைக்குள் இடம் பத்தவில்லை. தெருவில் விரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் கூடியது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னாடா இது, வண்டிக்கு பிரேத பரிசோதனையா" என்றார். இன்னொருவர், "தேசப்பன் இன்னிக்கு மொதலாளி ஆவறான். பாத்துக்கோ" என்றார். அதற்கு எல்லோரும் ஒருவரைப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டை போடாமல், தோளில் துண்டு. ஏழுமலை என்று பேர்.

விஷயம் இதுதான். ஏழுமலை ஒரு ஃபைபர் படகு வாங்குகிறார். அதில் பாதிப் பங்கு தேசப்பனுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேசப்பன் தன் பங்குக்கு இருந்ததெல்லாம் புரட்டிவிட்டார். இன்னும் ஐம்பதாயிரம் குறைகிறது. தடை முடிவதற்குள் கொடுத்தால் சொந்தப் படகு. இல்லாவிட்டால் அடுத்தவன் படகில் கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்கவேண்டியதுதான். பங்கு வேறு ஆளுக்குப் போய்விடும். இதைக் கருவாட்டு அம்மா எனக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு அம்மாவிடம் சொன்னார். வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியாது. நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.

மூட்டைகள் ஒரே நாளில் கட்டியவை இல்லை. ஒன்றில் வலை நைந்து கையோடு வந்தது. இன்னொன்றில் வலை புதுசு. "ஒரு தடைக்காலத்துக்கு ஒரு மூட்டை நைனா" என்றார் தேசப்பன். "அப்பதான டைம் கீது."

படுக்க வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிஸ்டன் ஓடுகிற போர் உள்ளே விரல் விட்டுத் தடவினேன். மேடு பள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிஸ்டனில் கோடு இல்லை. கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டம் இல்லை. கியர் பல் ஒன்றும் உடையவில்லை. எஞ்சின் கேஸை வெயிலில் பிடித்து உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் பார்த்தேன். வெல்டிங் இல்லை, விரிசல் இல்லை. இந்த எஞ்சினைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை.

அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"ஏம்பா, இன்னாத்துக்குப் பிரிச்சே?"

தேசப்பன் ஒரு ஸ்போக்கை எடுத்துத் துடைத்தார். "சும்மாதான்."

"சும்மா யாரும் பிரிக்க மாட்டாங்க. புகை வுட்டுச்சா?"

"இல்ல."

"உள்ள தட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல நைனா. நல்லாத்தான் ஓடிச்சு."

"நல்லா ஓடின வண்டிய இன்னாத்துக்குப் பிரிக்கணும்?"

அவர் ஸ்போக்கைக் கீழே வைத்தார். ஏழுமலை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். அதை நான் கவனித்தேன். வாசல்படியில் அவர் சம்சாரம் கஸ்தூரி நின்றிருந்தார். அவரும் தரையைப் பார்த்தார்.

நான் ஓரமாகப் போய்ப் பாய்க்குப் போன் போட்டேன்.

"சாமான்லாம் சூப்பரா கீது பாய். ஏன் பிரிச்சான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறான்."

"எத்தினி வாட்டி கேட்டே?"

"ரெண்டு மூணு வாட்டி."

"அப்போ முழு இருட்டையும் போடு" என்றார். "சொல்லலன்னா ஏதோ கீது. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்." வைத்துவிட்டார்.

கணக்கு எனக்குத் தெரியும். அந்த வண்டி கூட்டி ஓடினால் அன்றைக்குத் தொண்ணூறாயிரம் வரும். எங்கள் செலவு முப்பது. கடைக்குப் பத்து. மிச்சம் ஐம்பது. முழு இருட்டு என்றால் அதில் இருபது போய்விடும். முப்பதாயிரம். இரும்புக்கடைக்காரன் கேட்டதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதை வைத்துப் படகு வாங்க முடியாது. அது என் பாடு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். விலை சொல்லத் திரும்பினேன்.

தார்ப்பாயில் ஒரு காலி இடம் கண்ணில் பட்டது.

ரப்பர், வயர் என்று காலி இடங்கள் ஏற்கெனவே இருந்தன. இது வேறு. கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிக்கர் இல்லை. வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்கிற கம்பி. சின்னச் சாமான். வேறு ஒரு இரும்புச் சாமான்கூட அந்த வண்டியில் தொலையவில்லை. வாஷர் வரைக்கும் இருந்தது. கிக்கர் மட்டும் இல்லை.

மூட்டைகளை மறுபடி யோசித்தேன். நைந்த வலை கட்டிய மூட்டைதான் பழசு. அதில் என்ன வந்தது? ஹாண்டில்பார், கிளட்ச் லீவர், கியர் லீவர், ஃபுட்ரெஸ்ட். அடுத்த மூட்டையில் முன் சக்கரம், சீட். எஞ்சின் வந்தது புது வலை கட்டிய கடைசி மூட்டையில். ரிப்பேர் செய்கிறவன் அப்படிப் பிரிக்கமாட்டான். டேங்கைக் கழற்றுவான், ஹெட்டைத் திறப்பான், கோளாறைத் தேடி உள்ளே போவான். இவர் எஞ்சினைக் கடைசியில்தான் தொட்டிருக்கிறார். முதலில் கழற்றியதெல்லாம், வண்டி மேல் ஏறி உட்கார்ந்து போவதற்கு எது வேண்டுமோ அது.

தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வீட்டுக்குள் போனேன். கஸ்தூரி சொம்பில் கொண்டுவந்தார். வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டேன்.

"கிக்கர் உங்ககிட்ட கீதாம்மா?"

சொம்பு கையிலேயே நின்றது.  பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே, சின்னக் குரலில் சொன்னார்.

"கொயந்தய முன்னாடி வச்சிகினு எண்ணூர் ரோட்ல வந்தாரு. ஃபுல்லா போட்டுட்டு. பக்கத்துல கண்டெய்னரு. மண்ல சறுக்கி வுயிந்துட்டாங்க. லாரிக்காரன் ஒட்ச்சிப் புட்ச்சான். இல்லன்னா இல்ல. கொயந்தைக்கு கால்ல தையல். அன்னிக்கு ராவே கிக்கரக் கயட்டி என் கைல குட்த்துட்டாரு. இத்த எங்கியாவது வை, நான் கேட்டாலும் குடுக்காதன்னாரு."

"கேட்டாரா?"

"கேக்கல. அடுத்த தடைக்காலத்துல, வேல இல்ல, ஊத்திகினு வண்டியத் தள்ளிப் பாத்தாரு. ஸ்டார்ட் ஆயிட்ச்சி. தெருமுனை வரிக்கும் போய்ட்டு, தள்ளிகினே வந்து, ஹாண்டிலக் கயட்டிட்டாரு. அப்பறம் ஒவ்வொரு தடைக்கும் கை ஊறும். ஊறினா ஒண்ணக் கயட்டுவாரு. எஞ்சினக் கயட்டினதுக்கு அப்பறம் சாராயக் கடப் பக்கமே போறதில்ல."

"இத்த வெளில சொல்லலாமே."

"இன்னாண்ணா சொல்றீங்க. போட்டு பங்கு குடுக்கற ஆளு அங்க நிக்கறாரு. குடிகாரன் கைல போட்டக் குடுப்பாரா?"

தண்ணீரைக் குடித்தேன். சொம்பைக் கொடுத்தேன். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். புடவைத் துணியில் சுற்றி வைத்திருந்த கிக்கரை எடுத்தார். அதில் மீன் எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். "இத்தயும் எட்த்துக்கோங்க. இது இல்லன்னா வெல கொறையுமே" என்றார்.

"வேணாம்மா. உள்ள வைங்க."

வெளியே வந்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தேசப்பன் தார்ப்பாய் ஓரத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குள் போய்வந்தது அவருக்குப் புரிந்திருக்கும்.  இன்னொரு தடவை கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் கேட்கவில்லை.

"நாப்பத்தெட்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கருவாட்டு அம்மா, "எவ்ளோ, எவ்ளோ?" என்றார். யாரோ சொன்னார்கள்.

ஐம்பது வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஏற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் வாய் வந்தது. இருட்டே இல்லாத மூட்டை கிடையாது. பிரித்து வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி. நான் பார்க்காத ஒன்று இருக்கலாம். அதற்கு இரண்டு. தார்ப்பாய் சொன்னது அதுதான். பாய் என்னிடம் கொடுத்தது பாயின் பணம்.

 தேசப்பன் சுவரில் சாய்ந்திருந்த ஏழுமலையைப் பார்த்தார். "ரெண்டு ஒதைக்குது" என்றார்.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டுக்கு இன்னா மூஞ்சியத் தொங்க வுட்டுகினு. மொத வாட்டி கடலுக்குப் போறப்ப வர்ற மீன்ல கயிச்சிக்கலாம். குடுத்துட்டு வாடா, பசிக்குது."

பணத்தைக் கஸ்தூரி கையில் கொடுக்கச் சொன்னார் தேசப்பன். கொடுத்தேன். அவர் எண்ணவில்லை.

மீன்பாடி வண்டி ஒன்றைப் பேசி மூட்டைகளை ஏற்றினோம். ஏழுமலையும் ஒரு கை பிடித்தார். எஞ்சின் மூட்டையைத் தூக்கும்போது நாங்கள் இரண்டு பேர்தான் அந்தப் பக்கம்.

"ஏன் பிரிச்சேன்னு வுடாம கேட்டியே நைனா" என்றார்.

"கடை வயக்கம். கேக்கணும்."

"அவன் ஏன் பிரிச்சான்னு குப்பத்துக்கே தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது." மூட்டையை உள்ளே தள்ளினார். "நல்லா ஓடற வண்டிய கைய அடக்கறதுக்குப் பிரிச்சான் பாரு. அதுக்குத்தான் வேற எவனையும் கேக்காம அவனக் கேட்டேன், போட்டுக்கு."

"அத்த அவராண்ட சொல்லலாமே."

"இன்னாத்துக்கு. கூச்சப்படுவான்."

கடைக்கு வந்து சேர்ந்தபோது பாய் வாசலில் பலகை மேல் உட்கார்ந்திருந்தார். மூட்டையிலிருந்து வந்த வாசனைக்கு எதிர்க்கடைக்காரர், "இன்னா பாய், கருவாட்டுக் கடை வச்சிட்டீங்களா" என்றார்.  எவ்வளவு என்று பாய் என்னைக் கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு, "விரிப்பா" என்றார். மறுபடி தார்ப்பாயை விரித்தேன். மறுபடி வண்டியைப் படுக்க வைத்தேன். முட்டிவலியோடு அவரும் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு சாமானை எடுத்து நகத்தால் கீறினார். எண்ணெய் உரிந்தது. முகர்ந்து பார்த்தார்.

"கிக்கர் எங்க?"

"அவங்க வூட்ல கீது பாய்."

"கீதா? அப்போ ஏன் எட்த்துகினு வரல?"

"அத்த அந்தம்மா வச்சிருக்கணும் பாய்."

என் முகத்தைப் பார்த்தார். "இன்னாத்துக்குப் பிரிச்சானாம்?"

"ஓட்டாம இருக்கறதுக்கு."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தார்ப்பாயைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். பிறகு கடைக்குள் போனார். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பழைய கிக்கர்களில் ஒன்றை எடுத்துவந்து, கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் வைத்தார்.

"இருட்டுக்கு எவ்ளோ போட்டே?"

"ரெண்டாயிரம் பாய்."

பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஜாஸ்தி" என்றார்.